ஏழாவது ஜீப்

காலை ஆறு இருபது. கரட்டுப்புதூர் அடிவாரத்தில் ஏழு ஜீப்புகள் நின்றன. ஏழாவது ராயப்பனுடையது.

ராயப்பன் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவர். ஓடித் தேய்ந்த ஜீப்புகளைக் கழித்துக்கட்டும் காகிதங்களை டைப் அடித்தே காலம் போயிற்று. ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. ஊர் திரும்பி வெகுநாள் கழித்து, ஐம்பத்தாறு வயதில், ராணுவம் கழித்த வண்டிகளை விற்கும் டிஸ்போசல் ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்தார். ராணுவப் பச்சையோடு ஓட்டக்கூடாது என்பதால் வெள்ளை அடித்தார். பானெட்டின் உள்பக்கம் மட்டும் பச்சையை விட்டுவைத்தார். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் திறந்து காட்டுவார்.

மலைமேல் இருக்கும் மேல்முட்டம் கிராமத்துக்குப் போகும் பதினொரு கிலோமீட்டரும் கல்லும் சேறும்தான். பஸ் கிடையாது. ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. புது டிரைவர் முதலில் மூட்டைதான் ஏற்ற வேண்டும். ஆள் ஏற்றலாம் என்று ஒச்சம்மாள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஒச்சம்மாளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாக அந்தத் தடத்தில் ஜீப் ஓட்டுகிறாள். ஸ்டாண்டு முழுக்க அவளை அக்கா என்றது. ராயப்பனும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்றாள். இதில் யாருக்கும் குழப்பமில்லை.

"ஆகஸ்ட் ஒன்பதாந்தேதி மேலேயிருந்து கண் ஆபரேஷனுக்கு ஆட்களை இறக்கணுமாமே அக்கா."

"ஆமா. ஐம்பது பேருக்கு மேல."

"எங்க பெரியம்மா மக ஞானம்மாவும் அதுல ஒண்ணு. என்னைத் தூக்கி வளர்த்தது. தம்பி வண்டி வந்தாத்தான் இறங்குவேன்னு சொல்லிவிட்டிருக்கு. நான் எப்போ ஆள் ஏத்தறது?"

"வண்டியை எடுங்க. போவோம்."

நாலாவது கிலோமீட்டரில் செம்மண் ஏற்றம். ஜீப் பாதி ஏறியிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒச்சம்மாள் கை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. ராயப்பன் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்கே திருப்புறீங்க?"

"கீழே போகத்தான்."

"குறுக்க நின்னா உருண்டுரும். ரிவர்ஸ் போடுங்க. கிளட்ச்ல இருந்து காலை எடுங்க. இப்ப சாவியைத் திருப்பிக்கிட்டே பிரேக்கை மெல்ல விடுங்க. இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்."

பிடித்துக்கொண்டது. நத்தை போலப் பின்னாலேயே இறங்கினார்கள். ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது ராயப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப மேலே போகலாமா?"

"நாளைக்கு."

மறுநாளும் அதே இடம், அதே சாவி. பன்னிரண்டு நாள் இப்படி. ஏற்றத்தின் உச்சியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஸ்டாண்டில் சன்னாசி என்ற டிரைவர் தினமும் ஒரே குரல் கொடுத்தான்.

"மிலிட்டரி இன்னைக்கும் பின்வாங்கிருச்சு டோய்!"

"இது எல்லையில ஓடின வண்டிடா."

"ஓடியிருக்கும். அப்ப ஓட்டினவரு வேற ஆளுல்ல."

ராயப்பன் பானெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி விடியுமுன் மழை பெய்து ஓய்ந்தது. எட்டு அரிசி மூட்டைகளை ஏற்றச் சொன்னாள் ஒச்சம்மாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று சாவியைத் தொடவில்லை.

செம்மண் ஏற்றத்தில் ராயப்பன் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து ஏறினார். உச்சிக்கு நாற்பது அடி இருந்தது. முன்னால் போன சன்னாசி மேலே வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"மிதிண்ணே! மிதி! வந்தாச்சு!"

பின்சக்கரம் சுழன்றது. வண்டி நகரவில்லை. வலதுபக்கம் ஓரம் சரிவது ராயப்பனுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் ஏறிவிடலாம் என்றும் தோன்றியது. தன் வண்டி வரும் என்று ஞானம்மா திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பாள் என்று நினைத்தார்.

ஒச்சம்மாளைப் பார்த்தார். அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ரிவர்ஸ் போட்டார். காலை எடுத்தார். சன்னாசியின் சீட்டி ஏற்றத்தின் அடி வரை கூட வந்தது.

ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"தோத்துட்டேன் அக்கா."

அவள் இறங்கிப் பின்பக்கம் போனாள். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் தள்ளினாள். ஒரு காலிச் சாக்கைக் கொண்டு பின்சீட்டில் இருந்த அரிசித் தூசியைத் துடைத்தாள்.

"என்ன செய்யறீங்க?"

"நாளன்னிக்கு ஆள் உட்காரணும்ல."

"நான் இன்னும் ஒரு தடவைகூட மேலே போகலையே."

"மேலே போறதுக்கு வண்டி போதும்ண்ணே. பின்வாங்கத்தான் டிரைவர் வேணும்."



2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, மேல்முட்டத்திலிருந்து ஏழு ஜீப்புகளில் ஐம்பத்திரண்டு பேர் கண் ஆஸ்பத்திரிக்கு இறக்கப்பட்டார்கள். ஏழாவது ஜீப் காலையில் பாதி ஏற்றத்தில் பின்னாலேயே இறங்கியது. வெயில் வந்து மண் இறுகிய பிறகு, பதினொன்றரை மணிக்கு, மறுபடி ஏறி ஞானம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தது.