வெள்ளி நாக்கு

"ஐயா, என்னைத் தெரியுதா?"

பட்டு முறுக்கும் ஆலையின் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த பர்த்தோலோ நிமிர்ந்தார்.

"அட, நம்ம ஊமைப்பய!" ரொட்டி கையிலேயே நின்றது. "பேசுறியேடா!"

ஜோசயா தலையைக் குனிந்துகொண்டான். அவர் காலடியில் துடைப்பம் ஒன்று கிடந்தது. அவன் இங்கே வேலை பார்த்தபோது அவர் மேஸ்திரி; இப்போது கூட்டிப் பெருக்குகிறவர்.

ஆறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து இந்த இத்தாலிய ஆலைக்கு அவன் வேலைக்கு வந்தான். வெளிநாட்டுக்காரனை ஆலைக்குள் விடமாட்டார்கள்; பேசினால் எந்த ஊர்க்காரன் என்று தெரிந்துவிடும். அதனால் இரண்டு வருடம் ஊமையாக இருந்தான். பர்த்தோலோ அவன் விரலைப் பிடித்தே தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்.

"நான் ஊமை இல்லீங்க. அப்பவும் இல்ல."

அவர் ரொட்டியை மடியில் வைத்தார்.

"இயந்திரத்தைப் படமா வரைஞ்சு, பட்டு மூட்டைக்குள்ள மறைச்சு எங்க ஊருக்கு அனுப்பிட்டேன். இப்ப அங்க ஆத்தங்கரையில அஞ்சு மாடி ஆலை நிக்குது. ஒத்த சக்கரம், ஒத்த பல்கூட மாறல."

"இழை அறுகுதா?"

"மொதல்ல அறுந்துச்சு. நீங்க காட்டின மாதிரி விரலை நனைச்சுத் தொட்டோம். அறுபடுறது நின்னுருச்சு."

"ம்." அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போனது.

அதைப் பார்த்ததும் ஜோசயா மண்டியிட்டான்.

"உங்களை விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்க. ஊமையன் மேல சந்தேகம்னாங்க. தன் பேரையே சொல்லத் தெரியாத பிள்ளை, அவனைப் போய் சொல்றீங்களேன்னு சண்டை போட்டேன்."

அவன் காது சிவந்தது.

"இந்த ஊர்ல இயந்திர ரகசியத்தைத் திருடினா தூக்கு. தெரிஞ்சுதான் வந்தேன். அதோ காவலர் நிக்கிறாங்க. கூப்பிடுங்க ஐயா."

பர்த்தோலோ எழுந்தார். காவலர் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"செருப்பை எதுக்குக் கழட்டுறீங்க?"

"மலைக்குப் போகணும். மாதா கோயிலுக்கு."

சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்து அவிழ்த்தார். அதில் கட்டைவிரல் அளவு வெள்ளி நாக்கு ஒன்று தொங்கியது. நாளாகிக் கறுத்திருந்தது.

"உனக்குப் பேச்சு வந்தா வெறுங்காலோட ஏறி இதைக் காணிக்கை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"நான் ஊமையே இல்லைன்னு சொன்னேனே ஐயா!"

"சொன்ன. கேட்டேன்."

நாக்கை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எந்திரி. குணமானவன்தான் எடுத்துட்டு வரணும்."