வெள்ளிக்கிழமைச் சாமியாரும் மொட்டைக்கிணறும்

தான் எதற்குப் பிறந்தோம் என்று தெரியாமல் சுடலைக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றியும் கேளாமல் உழவு மாட்டை விற்று, மோனகிரிச் சாமியார் மடத்துக்குக் காணிக்கை வைத்துச் சீடனாகச் சேர்ந்துவிட்டான். "வெள்ளிக்கிழமை விரதம் முடியட்டும், சொல்றேன்" என்றார் சாமியார்.

அவர் விரதம் இருக்கிறதே, அது தனிக் கூத்து. பொழுது சாயும்வரை மௌனம். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே? சமையற்காரனை வைவார், கொசுவைக்கூட வைவார். விரதமும் கெடக்கூடாது. அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்: "வெள்ளிக்கிழமை என் வாயிலேருந்து எது வந்தாலும் அது பேச்சில்ல, வெறும் காத்து. காதுல வாங்கினவனுக்கு நரகந்தான்!"

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், வானத்தைப் பார்த்தபடி தோட்டத்தில் உலாவியவர் சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக்கிணற்றில் தொபுக்கடீரென்று விழுந்தார். கழுத்தளவு தண்ணீர்.

"ஐயோ, கயிறு போடுங்கடா!"

சீடர்கள் மூவரும் ஓடிவந்து விளிம்பில் நின்று கும்பிட்டார்கள்.

"சாமி பேசுறாரோ?" என்றான் சுடலைக்கண்ணு. சாமி போய்விட்டால் பதில் யார் சொல்வது?

"எப்படிப் பேசுவார்? இன்னைக்கு வெள்ளி" என்றார் மூத்த சீடர் குப்பாண்டி.

"கயிறுன்னு கேட்டுச்சே?"

"காத்துக்கு எதுக்குய்யா கயிறு?" என்றான் இன்னொரு சீடன் சங்கிலி.

மூவரும் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

சாமியார் கெஞ்சிப் பார்த்தார், அழுது பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "டேய் சுடலைக்கண்ணு! என்னைத் தூக்கிவிடத்தான்டா நீ பொறந்திருக்கே! தூக்குடா!" என்று கத்தினார்.

சுடலைக்கண்ணுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அண்ணே, நான் தேடுன பதில் மாதிரியே இருக்கே இந்தக் காத்து!"

"ஏமாந்துடாதே. நெஜமான பதில் பொழுது சாஞ்சப்புறந்தான் வரும்" என்று குப்பாண்டி அவன் காதைப் பொத்தினார்.

பொழுது சாய்ந்ததும் கயிறு போட்டுத் தூக்கினார்கள். கத்திக் கத்திச் சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை.

"விரதம் முடிஞ்சும் பேச மாட்டேங்குறார். எப்பேர்ப்பட்ட மகான்!" சங்கிலி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுடலைக்கண்ணு காலில் விழுந்தான். "இப்பவாச்சும் சொல்லுங்க சாமி. நான் எதுக்குப் பொறந்தேன்?"

சாமியாருக்கு வந்ததே கோபம்! பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், மறுபடியும் அவனைக் காட்டினார்.

"புரிஞ்சுபோச்சு சாமி!" முகமெல்லாம் பல்லாக, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்றில் ஒரே தாவு. விற்ற மாடு வீண்போகவில்லை.

"எங்களுக்கும் அதேதானா சாமி?" என்றார் குப்பாண்டி. வேண்டாம், வேண்டாம் என்று சாமியார் இரண்டு கையையும் ஆட்டினார்.

"ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம் பண்றார்டா!" இருவரும் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள்.

கிணற்றுக்குள்ளிருந்து சுடலைக்கண்ணுவின் குரல் சந்தோஷமாக வந்தது. "சாமி, நாங்க வந்து சேர்ந்துட்டோம்! நீங்க எதுக்கு இன்னும் வெளியில நிக்கிறீங்க?"