ரெஜினா ஜீப்பில் காணாமல்போன ஒன்றரை லிட்டர்

ரெஜினாவின் ஜீப்பில் தினமும் ஒன்றரை லிட்டர் கூலன்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்ள ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் அது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆயிலில் கலக்கவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. போடியிலிருந்து மெக்கானிக் இஸ்மாயில் பாய் வந்து ரெண்டு நாள் பார்த்தார். இனி இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும் என்று ஸ்பேனரை எடுத்தார். பிரித்தால் பத்து நாள் வண்டி படுத்துவிடும். பொங்கல் லீவுக்கு மலை பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் அவளுக்கு வருஷமே ஓடுகிறது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் தவசியண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் மூத்த டிரைவர் அவர்தான். மார்கழிக் குளிரில் தண்ணீரைத் தொடப் பயந்து நாங்களெல்லாம் தாடியோடு திரிவோம். அவர் மட்டும் தினமும் மழுமழுவென்று வழித்த முகத்தோடு இருப்பார். தன் உடம்புக்குக் குளிரே தெரியாது என்பார்.

"பிரிக்காதீங்க பாய். கூலன்ட் போற வழி எனக்குத் தெரியும்" என்றார். "கூலன்டுக்கு இனிப்பு வாசம் உண்டு. ஒருக்கா கீழ்ரோட்டுல பஸ் போச்சு. இங்கருந்தே மோந்துட்டு மூணாவது சிலிண்டர்ல கேஸ்கட் போச்சுன்னேன். பிரிச்சுப் பாத்தா மூணாவதுதான்."

"கீழ்ரோடு பதினாலு கிலோமீட்டர்ண்ணே" என்றேன்.

"அன்னைக்கு எனக்குச் சளி. இல்லேன்னா எந்த போல்ட்டுன்னும் சொல்லிருப்பேன்."

பாய் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. அண்ணனும் விடவில்லை.

"இன்னொரு வண்டியில இதே கதை. அடியில பாத்தா எறும்புச் சாரை. இனிப்புக்கு வராம இருக்குமா? பின்னாடியே நடந்தேன். ரெண்டு மலை தாண்டிப் புத்து. உள்ள கைய விட்டா எட்டு லிட்டர் கூலன்ட் அப்படியே இருக்கு. அந்த வருஷம் உறைபனில காட்டு எறும்பெல்லாம் விறைச்சுக் கெடக்கு, இதுக மட்டும் ஓடியாடித் திரியுதுக."

"கூலன்ட் குடிச்சா உறையாதுல்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பாரு, இவனுக்குப் புரியுது." அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. துண்டை பானட் மேல் போட்டுவிட்டுக் கையை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். "ஒரு ஏத்தம், சொவர் மாதிரி. ஏறுறப்ப ரேடியேட்டர் தண்ணி பின்னாடி டீசல் டேங்குக்குப் போயிருச்சு, டீசல் முன்னாடி வந்திருச்சு. பதினோரு கிலோமீட்டர் தண்ணியிலயே ஓட்டினேன். தண்ணி வண்டிக்குப் பெர்மிட் இல்லையேன்னுதான் நிறுத்தினேன்."

"அப்ப என் வண்டிக்கு என்னண்ணே?" என்றாள் ரெஜினா. அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

"ஒன் வண்டி ஆவியா விடுது. அது மேல போயி மேகமாகி, தேயிலைத் தோட்டத்துல பச்சையாத் தூறுது. நான் கேனோட அடியில நின்னு பிடிச்சேன். ஒன்றரை லிட்டருக்கு அம்பது மில்லி கூடவே இருந்துச்சு. இதுக்கு மருந்து கெடையாது. தினம் ஊத்திட்டு ஓட்டு."

"காலைல சவாரி முடிஞ்சு நாங்க இட்லி சாப்பிடப் போறப்ப, வண்டிக்குக் காவலா நீங்கதான இருக்கீங்க. ஆவி போறதப் பாத்தீங்களா?" என்றாள் ரெஜினா.

"தெனமும் பாக்குறேன். சரியா என் மூஞ்சி ஒசரத்துக்கு வரும்."

பாய் அவரைப் பார்க்கவில்லை. பானட்டில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரம் இளம்பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையை மொய்த்து எறும்புகள்.

அவர் துண்டை எடுத்து மோந்தார். பிறகு அண்ணன் பக்கத்தில் போய்க் கன்னத்தை மோந்தார். அப்புறம் குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் திருகுக் குழாயை விரலால் தடவினார். விரலில் காய்ந்த சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

ஸ்பேனரைப் பைக்குள் போட்டார்.

"இன்ஜின்ல ஒண்ணுமில்ல தங்கச்சி. பொங்கல் முடியுற வரைக்கும் அண்ணன் தாடி வளத்தாப் போதும்."

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அண்ணன் துண்டை வாங்கி எறும்புகளை உதறிவிட்டு, நிதானமாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கூலன்ட் போற வழி எனக்குத் தெரியும்னு மொதல்லயே சொன்னேன்ல."