கேட்டவருக்கே சீட்டு

முன்னொரு காலத்தில் நெடுமருதூர் என்னும் நாட்டை விசயகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் பட்டங்கள் முப்பத்திரண்டு. அவற்றில் பதினொன்று போர் வெற்றிகளைக் குறிப்பவை. அந்தப் போர்கள் எங்கே நடந்தன என்று தேடப் புறப்பட்டவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அரசன் கெட்டவன் அல்லன். ஆனால் எதையும் தானே விசாரித்து அறியும் பொறுமை அவனுக்கு இல்லை. அதனால் அம்பலவாணர் என்ற ஆரூடக்காரரையும், அவருடைய கிளியையும், இருபத்தேழு படச்சீட்டுகளையும் சம்பளம் கொடுத்து அரண்மனையில் வைத்திருந்தான்.

அந்த ஐப்பசியில் எல்லைக் கோட்டை எதிரியின் கையில் விழுந்தது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று அரசன் கேட்டான். அம்பலவாணர் கோட்டைத் தளவாய் இருளப்பரின் பெயரைச் சொல்லிக் கூண்டைத் திறந்தார். கிளி ஒவ்வொரு சீட்டாக எடுத்து ஓரம் தள்ளியது. பிறகு ஒன்றை அவர் கையில் கொடுத்தது. பால் வார்த்த கையைத் தீண்டும் நாகத்தின் படம். துரோகி என்று பொருள். 'படை நடத்துவதற்குப் பறவையைக் கேட்கலாகாது' என்று இருளப்பர் முன்பு ஒருமுறை சபையிலேயே சொன்னவர் என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இருளப்பரைக் கழுவேற்றுவது என்று முடிவாயிற்று. ஆனால் உயிர் வாங்கும் தண்டனைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் சாட்சி கிளியாக இருந்தால் இரண்டாவதும் கிளியாக இருக்கலாம் என்று பண்டிதர்கள் கூடித் தீர்மானித்தார்கள். சட்டம் எழுதியவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கடைத்தெருவில் சீட்டுப் பார்க்கும் உலகம்மைக்கு ஆள் போயிற்று. அவளுடைய தொழில்முறை ஊருக்கே தெரியும். பரிகாரம் என்று சொல்லி இரண்டாவது கூலி வாங்க மாட்டாள். சாவு சொல்ல மாட்டாள். எதிரில் வந்து உட்காராத ஆளைப் பற்றிச் சீட்டு எடுக்க மாட்டாள். மருமகள் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு வரும் மாமியார்களிடம், "அதை அவளிடமே கேளுங்க" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்படியிருந்தும் அவள் முன்னால்தான் கூட்டம் கூடியது. இது அம்பலவாணருக்கு வெகுநாளாக ஆறாத புண்.

சபை வாசலில் அம்பலவாணர் அவளைத் தனியே நிறுத்தினார். நாகச் சீட்டுக்கு ஒரு மூலை மழுங்கியிருக்கும், அதையே வரச் செய்தால் நூறு பொன், தவறினால் போலி ஆரூடக்காரி என்று நாடு கடத்தப்படுவாய் என்று மெல்லிய குரலில் சொன்னார். உலகம்மை கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சங்கிலியோடு இருளப்பர் ஒரு பக்கம் நின்றார். அரசன் பொன் தட்டை நகர்த்தி, "தளவாய்க்குச் சீட்டு எடு" என்றான்.

"தளவாய் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே, மகாராஜா. கேள்வி உங்களுடையது. கேட்டவருக்குத்தான் சீட்டு. அதற்குச் சம்மதமானால் எடுக்கிறேன். கூலியைப் பிறகு பார்ப்போம்."

அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். சபை எந்தக் கிளியையும் சீட்டையும் நம்பியதோ அவையே வேண்டும் என்றாள் உலகம்மை. அம்பலவாணர் பெருமையோடு தம் கூண்டையும் சீட்டுகளையும் கொடுத்தார்.

உலகம்மை சீட்டுகளைக் கவிழ்த்து வரிசையாகப் பரப்பினாள். அரசனுடைய பெயரைத் தெளிவாகச் சொன்னாள். கிளி எடுத்தது, தள்ளியது, எடுத்தது, தள்ளியது. பிறகு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது.

நாகம்.

அரசனின் கை வாளுக்குப் போயிற்று. அது யாருடைய கிளி, யாருடைய சீட்டு என்பது அம்பலவாணருக்கு நினைவு வந்தது. கழுமரமும் கூடவே நினைவு வந்தது. அவர் எழுந்து அலறினார். "மகாராஜா, அவள் விரலைப் பாருங்கள்! நெல்லை உருட்டினாள். நெல் அசைந்தால் கிளி வாயில் இருக்கிற சீட்டைக் கொடுத்துவிடும்!"

உலகம்மை கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு நெல் இருந்தது.

"உண்மைதான். நூறு பேர் இருக்கிற சபையில் எல்லோரும் கிளியைப் பார்த்தார்கள். விரலைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது."

அம்பலவாணர் உட்கார்ந்தார்.

"கிளிக்கு ஒன்றும் தெரியாது, மகாராஜா. எனக்கும் நாளை நடப்பது தெரியாது. வருகிறவர் முகத்தைப் பார்ப்பேன், படத்தை வைத்துக்கொண்டு அவர் கவலையைப் பேசவைப்பேன். வாங்குகிற காசு அதற்குத்தான். தளவாயைப் பற்றிக் கிளியிடம் கேட்டீர்கள். தளவாயிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அப்போதுதான் அரசன் கேட்டான். இருளப்பர் குரல் உயர்த்தாமல் சொன்னார்: படை வேண்டும் என்று மூன்று ஓலை அனுப்பினார். அரசர் வேட்டையில் இருப்பதாகப் பதில் வந்தது. நாற்பது பேரோடு பத்தொன்பது நாள் நின்றார். இருபதாம் நாள் ஆறு பேர் மிஞ்சினார்கள்.

ஓலைகளைத் தேடினார்கள். முத்திரை உடைக்காமலே கிடந்தன.

அரசன் தன் கையாலேயே இருளப்பரின் சங்கிலியை அவிழ்த்தான். ஆறு பேரின் பெயரையும், இறந்தவர் முப்பத்து நால்வரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டான். அம்பலவாணருக்கு ஒரே தண்டனை: இனி எங்கே உட்கார்ந்தாலும், சீட்டுப் பார்க்குமுன் நெல்லின் கதையைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். பட்டுச் சால்வையோடு சபையில் அமர்ந்திருந்தவருக்கு அது கழுவைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பிறகு அரசன் நாகச் சீட்டை வெகுநேரம் பார்த்தான். பால் வார்த்த கை, தன்னை நம்பி நின்ற நாற்பது பேரின் கையாக அவனுக்குத் தெரிந்தது. பொன் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான்.

"எடுத்துக்கொள் அம்மா. என் பெயருக்கு வந்த சீட்டு பொய்யில்லை. நீ சரியாகத்தான் பார்த்துச் சொன்னாய்."

அந்த ஒரு சொல்லுக்கு அவள் தலையசைத்திருந்தால் போதும். தேசம் முழுவதும் அவளை மெய்வாக்கி என்று கொண்டாடியிருக்கும்.

"சீட்டு நெல்லுக்கு வந்தது, மகாராஜா. உண்மையைச் சொன்னவர் தளவாய். அவரை நீங்கள் கேட்காமல் விட்டதற்கு நான் கூலி வாங்குவதில்லை" என்று உலகம்மை தட்டைத் தொடாமல் எழுந்தாள்.