மாவு மில்லில் வைத்த பெட்டி

தணிகாசலத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய ஆசிரியை மெஹர்நிஷாவுக்கு முப்பத்திரண்டு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். குடியாத்தத்தில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

இணையத்தில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று வெளியே தெரியாதபடி, அந்தத் தேடலைப் பலருடைய கணினிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலை ஒன்று உண்டு. அதில் தாங்களாகச் சேரத் தெரியாதவர்களுக்காகப் பொது இடங்களில் சிறு பெட்டி வைக்க அவள் கற்றுக்கொடுத்தாள். பெட்டியின் வைஃபையில் போனை இணைத்தால் போதும். வந்தவர் யாரென்று வலையில் வேறு எவருக்கும் தெரியாது. பெட்டியை வைத்தவர் நினைத்தால் மட்டும் தெரிந்துகொள்ளலாம். அதனால் யார் வந்தார், எதைப் பார்த்தார் என்ற பதிவு எதுவும் பெட்டியில் தங்கக் கூடாது. அவளுடைய ஒரே கண்டிப்பு அதுதான்.

தணிகாசலம் தன் மாவு மில்லில் ஒன்று வைத்தார். அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். நல்ல இடம்தான். ஆனால் மனிதர் பதிவை நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். பழுது பார்க்க லாக் என்கிற அந்தப் பதிவு வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்.

"உட்காருங்க சார்."

உட்காரவில்லை.

"டீச்சர், நல்லதுக்குப் பண்ணினா அது தப்பாகுமா?"

"என்ன பண்ணினீங்க?"

"பெட்டி விட்டு விட்டு வேலை செஞ்சுது. என்னன்னு பார்க்க லாக்கைத் திறந்தேன்."

"லாக் இருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அதுல ஒரு பொண்ணு. போனுக்குத் தன் பேரையே வெச்சிருக்கா. புருஷன் அடிச்சா எங்க போகலாம்னு சொல்ற பக்கத்தை நாலு தடவை பார்த்திருக்கா. நம்ம தெருப் பொண்ணு. மனசு கேக்கலை. அடுத்த தடவை அரைக்க வந்தப்ப, பயப்படாதேம்மா, எனக்குத் தெரியும், நான் இருக்கேன்னு சொன்னேன்."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"யாருமில்லை. மெதுவாத்தான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவ முகம் வெளுத்துப்போச்சு. மாவு டப்பாவைக்கூட எடுக்காம போயிட்டா. பத்து நாளாச்சு, மில்லுக்கே வரலை. என்னைப் பார்த்து பயந்துட்டா டீச்சர். அவனைப் பார்த்து பயப்படற மாதிரியே."

மெஹர்நிஷா கேட்டாள்.

"யார் சார் அந்தப் பொண்ணு?"

அவர் சொன்னார். பெயர், எத்தனையாவது வீடு, கணவனுக்கு எங்கே வேலை, எல்லாம் சொன்னார். அவற்றில் ஒன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

"கேட்டதும் சொல்லிட்டீங்களே சார்."

"நீங்கதானே கேட்டீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இந்த வயதில் இப்படியொரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுடட்டுமா?"

"எதுக்கு வந்துட்டுப் போறாருன்னு அவ புருஷன் கேப்பான்."

"லாக்கை அழிச்சிடறேன்."

"அழிங்க. அது அவளுக்குத் தெரியவா போகுது?"

"அப்ப அவ எங்க போய்ப் பார்ப்பா டீச்சர்? வீட்டுல அவன் போனை நோண்டுவான். மில்லை விட்டா அவளுக்கு வேற இடம் ஏது?" அவருக்குக் கண் கலங்கியது. "வேற எங்கயாவது இன்னொரு பெட்டி வெச்சிடலாம். நானே வெச்சுத் தரேன். இந்தத் தடவை லாக் இருக்காது, சத்தியமா."

மெஹர்நிஷா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முகமும் சிறுத்துப்போயிருந்தது.

"வைக்கணும் சார், அவ யாருன்னே தெரியாதவங்க. நீங்க வைக்கக் கூடாது. நானும் வைக்கக் கூடாது. அவ பேர் இப்ப எனக்கும் தெரியும்."