எட்டுக்கால் பூச்சியும் அரசரின் கையும்

பூவராகருக்குப் புலியைக் கண்டால் பயமில்லை. புலியை அவர் கண்டதே இல்லை. எட்டுக்கால் பூச்சியைத்தான் தினமும் காண வேண்டியிருந்தது.

குஞ்சரவர்ம அரசரின் சபையில் அவர் பெரிய ஆலோசகர். வீட்டிலோ தலைப்பாகையை மூன்று உதறு உதறாமல் தலையில் வைக்கமாட்டார். மனைவி செங்கமலம் உள்ளே போய்ப் பார்த்து, "பல்லியும் இல்லை, கரப்பானும் இல்லை, வாருங்கள்" என்று குரல் கொடுத்த பிறகுதான் குளிக்கப் போவார். இதெல்லாம் வீட்டோடு இருந்தவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் சபையிலேயே மானம் போய்விட்டது.

அன்று எல்லைப்புறச் சண்டை பற்றிப் பேச்சு. "எதிரி எத்தனை பேர் வந்தாலும் நாம் அஞ்சக்கூடாது அரசே" என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார் பூவராகர். விட்டத்திலிருந்து ஒரு எட்டுக்கால் பூச்சி நூல் பிடித்து இறங்கி, அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அடுத்த கணம் பூவராகர் ஆசனத்தின்மேல் ஏறி நின்றார். அவரைப் பார்த்துச் சபையே வயிறு குலுங்கச் சிரித்தது. வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அரசரைப் பார்த்தார். பார்த்ததும் அவர் வெட்கம் பாதி குறைந்தது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

தளபதி கடம்பரையனுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. அரசருக்குப் பக்கத்து ஆசனத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

"அரசே, நாட்டின் ரகசியமெல்லாம் இவருக்குத் தெரியும். நாளைக்கு எதிரி இவரைப் பிடித்து ஒரு பூச்சியைக் காட்டினால் போதும், கோட்டைச் சாவி இருக்கும் இடம்வரை சொல்லிவிடுவார். ஒரு பூச்சியைக் கையில் வாங்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் ஆசனத்தை விட்டுவிடட்டும்."

சபை ஆமாம் போட்டது. அரசர் இரண்டு முறை கனைத்துவிட்டு, "சரி, நாளைக்கு" என்றார்.

பூவராகருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஆசனம் போனால் போகட்டும். அந்த மைத்துனன் சொல்படி நாடு நடக்குமே, அதை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது" என்றார். "கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுங்களேன்" என்றாள் செங்கமலம். "கண்ணை மூடினால் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது" என்றார் அவர்.

மறுநாள் தளபதி ஒரு கலயத்தோடு வந்தார். அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தார்.

"சமையற்கட்டில் நானே வெறுங்கையால் பிடித்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். எடுத்துக்கொள்ளும்."

பூவராகர் கலயத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். குரலை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் தளபதியாரே, ஒரு சந்தேகம். உம் இடுப்பில் இருக்கும் வாளை நீரே எடுத்துக்கொண்டீரா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலக் கடம்பரையன் மீசையைத் தடவினார். ஊரில் கேட்காதவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்பவர் அவர்.

"நானா எடுத்துக்கொள்வேன்? அரசர் தம் கையால் எடுத்து என் கையில் கொடுத்தார். இந்தச் சபையில் எதுவானாலும் அரசர் கையால்தான் வரவேண்டும். அதுதான் மரபு."

"நன்றாகச் சொன்னீர். அந்தப் பூச்சியையும் அரசர் தம் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். மறுகணமே வாங்கிக்கொள்கிறேன்."

"அதற்கென்ன?" என்று கடம்பரையன் விறுவிறுவென்று சிம்மாசனத்தின் அருகே போய்த் துணியை அவிழ்த்தார். கலயத்தின் விளிம்பில் மயிரடர்ந்த கால் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

"அங்கேயே நில்லும்" என்றார் அரசர். வழக்கமாகக் கோட்டை வாசல்வரை கேட்கும் குரல், இன்று சிம்மாசனத்தைத் தாண்டவில்லை.

சபை காத்திருந்தது. அரசரின் கை பாதி தூரம் நீண்டு, அப்படியே அந்தரத்தில் நின்றது. நெற்றியில் வேர்வை. பாவம், அந்த நிலைமை எப்படிப்பட்டது என்று பூவராகருக்குத் தெரியாதா?

"அரசே, ஒரு விண்ணப்பம்" என்றார் அவசரமாக. "இதை வெறுங்கையால் பிடித்த வீரர் இதோ நிற்கிறார். திறமை அவரிடம் இருக்கிறது, சோதனை எனக்கு நடக்கிறது. இது முறையா? அவருக்குத் தக்க வேலையை அவருக்கல்லவா கொடுக்க வேண்டும்?"

அரசரின் கை சட்டென்று மடிக்குத் திரும்பியது.

"முறையில்லை, கொஞ்சமும் முறையில்லை. முதலில் அந்தக் கலயத்தை மூடித் தோட்டத்துக்கு அனுப்புங்கள். யாரங்கே, ஒரு ஒட்டடைக் கம்பு கொண்டு வா. புதிதாக இருக்கட்டும்."

கம்பு வந்தது. அரசர் அதை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு, தம் கையாலேயே எடுத்துத் தளபதியின் கையில் கொடுத்தார்.

"கடம்பரையரே, அடுத்த போர் வரும்வரை இந்த அரண்மனையில் உள்ள விட்டமெல்லாம் உம் பொறுப்பு."

மரபை இப்போதுதான் வாய் நிறையச் சொல்லியிருந்தார் கடம்பரையன். வாங்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

மாலையில் அரசர் பூவராகரைத் தனியே அழைத்தார்.

"எனக்கும் அந்தப் பயம் உண்டு என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"அன்றைக்குச் சபை முழுவதும் என்னைப் பார்த்தது அரசே. உயரத்தில் நின்ற நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் கால்கள் இரண்டும் சிம்மாசனத்தின்மேல் இருந்தன."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி, ஒரு முறை உதறிவிட்டுப் பூவராகருக்குப் போட்டார். அந்த உதறலின் அருமை அவருக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் சேர்ந்து சபைக்குள் நுழைந்தார்கள். அரசர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பூவராகரே, நீரே பார்த்துச் சொல்லும். மேலே ஏதாவது இருக்கிறதா?"

பூவராகர் அண்ணாந்து பார்த்தார். ஏணியின் உச்சியில், மீசையெல்லாம் ஒட்டடையாக, கையில் கம்போடு கடம்பரையன் நின்றிருந்தார்.

"ஒன்று இருக்கிறது அரசே. பயப்பட வேண்டாம், இரண்டே கால்தான்."