பத்து விரல் தடம்

வால்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர் தேவசகாயம் துரை வைத்ததுதான் சட்டம். சேற்றுப் பாதையில் கொழுந்து மூட்டை ஏற்றிவர நாலு சக்கர ஏ.டி.வி. ஒன்று வாங்கவேண்டும். வண்டிக் கம்பெனிக்காரர் இரண்டைக் கொண்டுவந்திருந்தார்: பளபளவென்று பெரிய சிவப்பு, குட்டையாய் ஒரு பச்சை. துரையே இரண்டையும் ஒரே சதுப்புக்குள் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சிவப்பு யானை மாதிரி! ஒரு இடத்திலும் நிற்கவில்லை."

வண்டி கழுவுகிற பவுனுத்தாயி சும்மா இருந்திருக்கலாம். "பச்சைதாங்க தொரை தோதுப்படும்" என்றுவிட்டாள்.

துரைக்குச் சுருக்கென்றது. "வண்டி ஓட்டத் தெரியாதவள் சொல்ல வந்துவிட்டாயா? சாவியைத் தொடாமல் நிரூபி. முடியாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் பச்சையைச் சுற்றிவந்தாள். அதில் சேறு சக்கரத்தோடு சரி. சிவப்பின் பின்பக்கம் போனவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். என்னவோ ஏதோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சேத்துல வண்டித் தடம் பார்த்திருக்கேன் தொரை. வண்டி மேல சேத்துக் கைத்தடம் இன்னைக்குத்தான் பாக்குறேன். பத்து விரலும் இருக்கு, மோதிரங்கூடப் பதிஞ்சிருக்கு. யாரு தள்ளுனாங்களோ, பாவம்!"

கம்பெனிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ பச்சையே அனுப்பட்டுமா சார்?" என்று கைகுலுக்கக் கை நீட்டினார்.

துரை தலையை மட்டும் ஆட்டினார். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.